வெடியுப்பு ஊரின் கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலியின் அட்டகாமா பாலைவனம், 1930-கள், உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படும் வெடியுப்பை (நைட்ரேட்) எடுத்துப் பிழைத்த, இப்போது நொடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஊர். 2001-இல் சிலி அரசுத் தொலைக்காட்சியில் வந்த 'பம்பா இலுசியோன்' தொடர் இந்தக் களத்தில் நடந்தது. அதே களத்தில் எழுத வருபவர்கள் முதலில் சறுக்கும் இடம் சுரங்கம்.

வெடியுப்புக்குக் குகை கிடையாது. நிலத்தின் மேலடுக்கில் கிடக்கும் 'கலீச்சே' என்ற உப்புப்பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, உடைத்து, ஆலைத் தொட்டிகளில் கொதிக்கவைப்பார்கள். தலையில் விளக்கோடு இருட்டுக்குள் இறங்கும் தொழிலாளிக்கு இங்கே வேலையில்லை. இங்கே சாவு கொதிக்கும் தொட்டியில் இருந்தது. 1907-இல் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, அந்தத் தொட்டிகளை இரும்புக் கம்பியால் மூடுங்கள் என்பது. ஆள் விழுந்து வேகாமல் இருக்க ஒரு தடுப்பு, அவ்வளவுதான். இக்கிக்கே நகரில் திரண்டிருந்த அவர்களை டிசம்பர் 21 அன்று சாந்தா மரியா பள்ளியில் ராணுவம் சுட்டுக் கொன்றது. 1935-இல் நாற்பது வயதைத் தாண்டிய எந்தப் பாத்திரமும் இதை மறந்திருக்க முடியாது. இதைப் பற்றி ஒருவர்கூட வாய்திறக்காத தொடரை என்னால் நம்ப முடியாது.

இதைவிடப் பெரிய பிழை, ஊர் அழிந்ததற்கு ஒரு வில்லனைக் காரணமாக்குவது. பாறை தீர்ந்துபோனது என்று எழுதுவதும் தவறுதான். கலீச்சே தீரவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் ஹேபர்-போஷ் முறையில் 1913-இல் ஜெர்மனியில் ஆலை ஓடத் தொடங்கியது. அந்த அம்மோனியாவிலிருந்தே உரமும் வெடிமருந்தும் செய்ய முடிந்ததால், அவற்றுக்குச் சிலியை நம்பியிருக்க வேண்டிய நிலை மெல்ல மாறியது. பிறகு 1929-இன் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது என்றே தெரியாமல் ஓர் ஊர் வேலையை இழக்கிறது. கண்ணீர்க் கதைக்கு இதைவிடக் கனமான துயரம் எங்கே கிடைக்கும்?

கூலியாகப் பணத்துக்குப் பதில் கம்பெனி கொடுத்த வில்லைகளிலும் கவனம் தேவை. கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லுபடியான அந்த 'ஃபிச்சா' முறையை 1924-இன் தொழிலாளர் சட்டங்கள் தடைசெய்தன. 1935-இல் வில்லை எண்ணிக் கொடுக்கும் காட்சி வைத்தால், கம்பெனி சட்டத்தை மீறுகிறது என்பதும் கதையில் வரவேண்டும். ஒரு கிழவியின் தகரப்பெட்டிக்குள் பழைய வில்லை ஒன்று கிடப்பது எனக்கு இன்னும் பிடிக்கும்.

மணல்மேடும் ஒட்டகமும் வேண்டாம். அங்கே கல்லும் உப்பும் இறுகிய தரை, இரவில் கடுங்குளிர், 'கமன்சாக்கா' என்ற மூடுபனி.

ஊர் முழுக்க இடிபாடாகக் காட்டுவதும் தவறு. தொழில் சரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், 1934-இல் பெயர் மாறிய ஹம்பர்ஸ்டோன் என்ற வெடியுப்பு ஊர் புதுப்பொலிவு பெற்றது. நாடக அரங்கு வந்தது. இரும்புத் தகடுகளால் ஆன நீச்சல் குளமும் வந்தது. பிள்ளைகள் அதில் குதித்து விளையாடட்டும். அந்த ஊர் மூடப்பட்டது 1960-இல்தான்.