கொடிவழி தேடி மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு

மதுரைப் பக்கத்து ஊர் ஒன்றில் திண்ணையில் உட்கார்ந்து, "தாத்தாவோட அப்பா பேரு என்ன சித்தப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். சித்தப்பா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாக வருவார். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். இருபத்தெட்டு வருடமாக வெளிநாட்டில் இருந்தவன் திடீரென்று பாட்டன் பூட்டன் பேரைக் கேட்டால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்: பங்கு கேட்க வந்திருக்கிறான். இது எனக்கு உறைக்காததால் மூன்று வார விடுமுறையில் பதினோரு நாளை ஓர் அலுவலக வராண்டாவில் கழித்தேன்.

எங்கள் பங்காளிகளில் சிலர் கொடிவழி, அதாவது யார் யாருக்குப் பிள்ளை என்ற வம்சாவளி, எழுத ஆரம்பித்து ஐந்தாறு வருடம் ஆகிறது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தபால் ஆபீசில் வேலை பார்த்த பெரியப்பா ஒருவர், ஜெராக்ஸ் கடைப் பையன் ஒருவன். சங்கம் என்று பேர் வைக்கவில்லை, ரசீது புத்தகம் மட்டும் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் கூடுவார்கள். மற்ற நாட்களில் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏறி, பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் எல்லாவற்றுக்கும் போய்க் கிழவிகளிடம் பேசிப் பதிவு செய்கிறார்கள். நான் பார்த்தவரையில் இந்த வேலை தெரிந்தவர்கள் இவர்கள்தான். கிழவிகள் வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். எண்பத்தேழு வயது அப்பத்தா ஒருவர், வாசலில் விளையாடிய சிறுமியைக் காட்டி, "அவ தம்பி பேருதான்யா" என்றார். பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கும் வழக்கம் இருப்பதால் அது போதும், எழுதிக்கொண்டார்கள். ஒப்பாரியும் பாடச் சொல்கிறார்கள். பிறந்த வீட்டு அண்ணன் தம்பி, செய்முறை கொண்டுவராத மாமன் எல்லாரும் அதில் வரிசையாக வந்துவிடுவார்கள்.

நீங்கள் போனால் முதலில் கேட்க வேண்டியது செய்முறை நோட்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் யாரும் எளிதில் தூக்கிப் போடுவதில்லை. எங்கள் வீட்டில் 1971-ஆம் வருடத்து நோட்டு ஒன்று கிடைத்தது. நாற்பது பக்கம், ஊதா மை, ஓரமெல்லாம் எலி கடித்தது. "இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார், ரூ. 2" என்று ஊர்வாரியாகப் போகிறது. நடுவில் ஒரு வரியில் "தாய்மாமன், வெண்கலப் பானை 1, வேட்டி 1" என்று இருந்தது. அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் இருந்தது என்பதே அந்தப் பானையால்தான் தெரிந்தது. இந்த நோட்டைக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பத்திரப் பெட்டியைக் கேட்டால்தான் வம்பு.

பத்திரம் கிடைத்தால் பொக்கிஷம், மறுக்கவில்லை. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தகப்பன் பேர் இருக்கும். நான்கெல்லை சொல்லும்போது பக்கத்து நிலம் பங்காளியுடையதாக இருந்தால் அவர் பேரும் வந்துவிடும். தேதியில் மட்டும் கவனமாக இருங்கள். பசலி என்று இருந்தால் 590-ஐக் கூட்ட வேண்டும், ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு அது. பசலி 1370 என்றால் 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை. தமிழ் வருடப் பேர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். எங்கள் தாத்தா சார்வரி வருடம் மாசியில் தவறியவர். ஜெராக்ஸ் கடைப் பையன் கைபேசியில் தேடிவிட்டு 2021 என்று எழுதிவிட்டான். 1961-ல் போன மனிதருக்கு கொரோனாக் கணக்கில் ஓர் இடம் கிடைத்தது.

பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டையும் பாருங்கள், பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள், வாத்தியார் வசதிக்காக. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் உங்கள் பாடு சுலபம். ஞானஸ்நானப் பதிவேடுகள் உண்டு, இயேசு சபையின் மதுரை மறைமாநில ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. மலேசியா, பிஜி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. தாத்தாவின் பழைய காகிதத்தில் "மதுரை ஜில்லா" என்று இருந்தால் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடிக்காதீர்கள். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும் முன்பு சிவகங்கைச் சீமையும் மதுரை ஜில்லாதான். திண்டுக்கல் 1985-ல், தேனி 1996-ல் பிரிந்தன. பெரியகுளத்துக்காரர் பேரனைத் திருமங்கலத்தில் இரண்டு நாள் தேடவிட்ட கதை எனக்குத் தெரியும். ஜில்லாவை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடியுங்கள்.

சரி, வராண்டாவுக்கு வருகிறேன்.

பத்திரப் பெட்டியைக் கேட்டது என் தப்பு. நான் தாத்தாவின் அப்பா பேரைத்தான் தேடினேன். சித்தப்பா அன்று ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "தம்பி, வந்ததே வந்துட்ட, அந்தக் கொல்லைக்காட்டுக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டுப் போயிரு, நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்குள்ள ஒண்ணுமில்லாமப் போகும்" என்றார். என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது, எனக்கு அதில் மறுப்பே இல்லை. மூன்று ஏக்கர் கரிசல், மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கருவேலம். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன்.

பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. எண்பதுகளில் யூ.டி.ஆர். நில அளவையில் ஏறிய பிழை, நாற்பது வருடமாக யாரும் திருத்தவில்லை. ஆகவே தாத்தாவின் வாரிசுச் சான்று வேண்டும் என்றார்கள். அதற்கு இறப்புச் சான்று வேண்டும். அந்தக் காலத்தில் கிராமத்துப் பிறப்பு இறப்பை முன்சீப் என்ற ஊர் அதிகாரி எழுதுவார். முன்சீப், கர்ணம் பதவிகளை 1980-ல் எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் முன்சீப் வீட்டு நோட்டுகள் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வி.ஏ.ஓ. தாலுகாவுக்குப் போகச் சொன்னார். தாலுகாவில் சார்பதிவாளரைக் காட்டினார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில், "அந்த வருசத்து வால்யூம் பைண்டிங்குக்குப் போயிருக்கு சார், திங்கக்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால் அவர் விடுப்பு. செவ்வாய்க்கிழமை அதே மேசையில் இருந்த வேறொருவர், எந்த வால்யூமும் எங்கும் போகவில்லை, அந்த வருடம் இங்கே இருந்ததே இல்லை என்றார். அப்படியானால் பதிவு இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு ஸ்டாம்ப், அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) உத்தரவு. வராண்டாவில் ஒரு மின்விசிறி உண்டு, அது சுற்றாது. பெஞ்சின் ஒரு கால் ஆடும், அதற்கு அடியில் யாரோ ஒரு பழைய மனுவை மடித்து வைத்திருந்தார்கள். பதினோரு நாளும் அதில்தான் உட்கார்ந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஏழாவது நாள் அந்தக் குமாஸ்தா கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "உங்க தாத்தாவுக்குப் பொம்பளைப் பிள்ளைக எத்தனை சார்?"

அத்தை ஒருவர் இருந்தார். வீட்டாரை மீறிக் கல்யாணம் செய்துகொண்டதால் எங்கள் வீட்டில் அவர் பேரை யாரும் எடுப்பதில்லை. கோயிலில் கொடிவழியைப் பன்னிரண்டு அடி பிளெக்ஸாக அடித்துச் சிவராத்திரிக்குக் கட்டியிருந்தார்கள், நானும் அதன் கீழே நின்று படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "நான் எங்கப்பா?" என்று கேட்டாள். என் பேருக்குக் கீழே "பெ. மக்கள் 1" என்று இருந்தது. மற்ற எல்லார் வீட்டுப் பெண்களும் அப்படி ஓர் எண்ணாகவாவது இருந்தார்கள். அத்தைக்கு அதுவும் இல்லை. ஆனால் தாத்தா 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இறந்தவர் என்பதால் மகளும் வாரிசு. குடும்பம் அழித்த பேரை அரசாங்கம் கேட்டது. இதை வாத்தியாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அத்தை காலமாகிவிட்டார். அவர் மகள், எனக்கு மதினி முறை, விருதுநகர் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். பஸ் ஏறிப் போனேன். மோர் கொடுத்தார். நிலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கைபேசியில் அந்த பிளெக்ஸ் படத்தை விரலால் பெரிதாக்கி, வரிசை வரிசையாகப் படித்துவிட்டு, "எங்கம்மா பேரை இதுல எழுதச் சொல்லுங்க தம்பி. நீங்க காட்டுற இடத்துல கையெழுத்துப் போடுறேன்" என்றார். நான் திரும்பி வந்து சொன்னேன். சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வாத்தியார், "அடுத்த சிவராத்திரிக்குப் புதுசா அடிக்கிறப்பப் பார்ப்போம்" என்றார். பத்திரம் எழுதவில்லை. எனக்கு விமானம் வெள்ளிக்கிழமை.

எனவே சொல்கிறேன். பேரைக் கேட்கப் போகிறவர்கள் பேரை மட்டும் கேளுங்கள், முதல் நாளே "நிலம் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுங்கள். சொன்னாலும் நம்ப மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்டால் அங்கேயே தலையாட்டாதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டு இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி அனுப்பலாம், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்கள் விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவதற்குத் தடையில்லை. இது தெரியாமல் உறவுக்காரர்கள் "உனக்குச் சட்டப்படி எதுவும் கிடையாது" என்று சொல்வார்கள், வாதாட வேண்டாம். வில்லங்கச் சான்று 1975 முதல் இணையத்தில் பார்க்கலாம், அதை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஊரில் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள்.

கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கட்டு வரிக்கு. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயில் செலவைத் தலைக்கட்டுக் கணக்கில் பிரிப்பார்கள். வெளியூரில் இருப்பவன் தராவிட்டால் நோட்டில் பாக்கி நிற்கும், பேர் சுழித்து வைப்பார்கள். எனக்குக் கல்யாணம் 2001-ல். இருபத்து மூன்று வருடப் பாக்கியைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்று கடைசி நாள் தபால் ஆபீஸ் பெரியப்பாவிடம் போனேன். கொஞ்சம் தெனாவட்டாகத்தான் போனேன் என்று நினைக்கிறேன், டாலர் மாற்றி வைத்திருந்தேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாக. 2020 வரை என் பேருக்கு எதிரே அப்பாவின் கையெழுத்து. அப்பா 2021 மே மாதம் போனார். விமானம் இல்லை, வாட்ஸ்அப்பில் பார்த்தேன், கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். 2021-லிருந்து என் பேருக்கு எதிரே இருந்தது அவன் கையெழுத்து. என்னிடம் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"உனக்குப் பாக்கி ஒண்ணும் இல்லப்பா" என்று பெரியப்பா நோட்டை மூடினார். "இந்த வருசத்துக்கு மட்டும் குடு. ஐநூறு ரூபா."