நோயாளியின் மனநிலை பற்றிய ஆய்வில் நர்சிங் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மருத்துவமனைகளில் ஆய்வுக்குத் தரவு சேகரிக்கும் நர்சிங் மாணவர்கள் பலர் எடுப்பது இந்த மாதிரித் தலைப்புகளைத்தான்: டயாலிசிஸ் நோயாளிகளின் மனச்சோர்வு, இன்சுலின் மீதான மனப்பான்மை, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றம். எல்லாமே தேவையான ஆய்வுகள். ஆனால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் அந்தச் சில நிமிடங்களில் தவறினால், பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

காலையில் ஊசி போட்டவரே மாலையில் அதே சீருடையில் படிவத்தோடு வந்து, "இங்க கவனிப்பு எப்படி இருக்கு? மனசுக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால், "நல்லாத்தாங்க இருக்கேன் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். நாளைக்கும் அந்த சிஸ்டர்தான் வந்து பார்க்க வேண்டும் என்று நோயாளிக்குத் தெரியும். அந்த வார்டில் வேலை பார்க்காத ஒருவர், சீருடை இல்லாமல், கட்டிலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து கேட்டாலே பதில்கள் மாறும். புறநோயாளிகளிடம் கேட்பதாக இருந்தால் நேரத்தையும் பாருங்கள். பென்னாகரம் பக்கமோ சித்தேரி மலைக்கோ பஸ் பிடிக்க வேண்டியவர், கேள்வி முடிந்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

ஒப்புதல் வாங்குவதிலும் அவசரம் கூடாது. கைநாட்டு வாங்கியதாலேயே ஒப்புதல் கிடைத்துவிடாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்து விளக்க வேண்டும், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை. "வேண்டாம்னு சொன்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்பதை வாயால் சொல்லுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போனால் இன்னொரு சிக்கல். அங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் ஏராளம். தமிழ்ப் படிவத்தை வைத்துக்கொண்டு, கூட வந்த மருமகளை மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மருமகள் முன்னால் எந்த மாமியார் "எனக்கு யாருமில்லைன்னு தோணுது" என்று சொல்வார்? அந்த மொழி தெரிந்த சக மாணவியைப் பயிற்சி கொடுத்து அழைத்துப் போங்கள். முடியாவிட்டால், தமிழ் பேசுபவர்களிடம் மட்டும் கேட்டதாக அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

அடுத்தது அளவுகோல். அதிகம் கவனிக்கப்படாத தவறு இதில்தான் நடக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவம் இலவசம், எளிது, ஒன்பதே கேள்வி. ஆனால் அதில் மூன்று கேள்விகள் தூக்கம், அசதி, பசி பற்றியவை. டயாலிசிஸ் செய்பவருக்கும் கீமோ எடுப்பவருக்கும் இந்த மூன்றும் நோயாலேயே கெட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பெண்ணான 3 என்றால் 9 மதிப்பெண் அங்கேயே வந்துவிடும். 10-ஐத் தொட்டால் மிதமான மனச்சோர்வு என்று கணக்கு. மனம் தெளிவாக இருக்கும் ஒருவரையும் இப்படி மனச்சோர்வுக் கணக்கில் சேர்த்துவிடுவோம். ஆகவே மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், ஆர்வக் குறைவு, மனம் சோர்ந்திருப்பது பற்றிய முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பாருங்கள். அல்லது சிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983-ல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே உருவாக்கிய எச்.ஏ.டி.எஸ். அளவுகோலை எடுங்கள். உடல் அறிகுறிகளை அவர்கள் வேண்டுமென்றே பெரும்பாலும் தவிர்த்தார்கள். பதற்றத்துக்கு 7 கேள்வி, சோர்வுக்கு 7. அதற்கு உரிமம் வாங்க வேண்டும். சில கேள்விகளுக்கு மதிப்பெண் தலைகீழாக வரும் என்பதை எக்செல்லில் ஏற்றும்போது மறந்துவிடாதீர்கள்.

மனப்பான்மையும் மனநலமும் ஒன்றல்ல. இன்சுலின் நல்லது என்று உறுதியாக நம்புபவர் இரவெல்லாம் கவலையில் தூங்காமல் கிடக்கலாம். இரண்டையும் ஒரே படிவத்தில் கலந்து கூட்டினால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

நோயாளிகளுக்கான கற்பித்தல் திட்டத்துக்கு முன்பும் பின்பும் அளந்து, "பதற்றம் குறைந்தது" என்று எழுதும் ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் யாருக்குமே பதற்றம் குறையத்தான் செய்யும். அந்தப் பெருமையை நாம் கொடுத்த துண்டுப் பிரசுரத்துக்குச் சேர்ப்பது நியாயமில்லை. இப்படித் தலையிட்டுச் செய்யும் ஆய்வானால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. தளத்தில் பதிந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது பி.எச்.க்யூவின் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா என்று அது கேட்கிறது. ஒருவர் "ஆமாங்க" என்கிறார். மாணவி வட்டம் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். இது நடக்கவே கூடாது. பெயர் இல்லாத படிவம் என்ற காரணமும் இங்கே செல்லாது. அப்படிப் பதில் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பதில் 0 இல்லையென்றால் நோயாளியைத் தனியே விட்டு நகராமல், அப்போதே வார்டு மருத்துவருக்குச் சொல்லி மனநலப் பிரிவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் பேச, 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எழுதிக் கையில் கொடுங்கள். யாரை, எந்த வரிசையில் அழைப்பது என்பதை நெறிமுறைக் குழுவுக்குத் தரும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் முதல் நோயாளியிடம் போகாதீர்கள்.