பயன்படுத்தாத கிரெடிட் கார்டின் லிமிட்டைக் குறைத்தால் கிரெடிட் ஸ்கோர் இறங்குமா?

லிமிட்டைக் குறைத்தீர்கள் என்பதற்காகவே ஸ்கோரில், அதாவது கடன் கொடுப்பவர்கள் உங்களை எடைபோடப் பார்க்கும் மதிப்பெண்ணில், கை வைக்க மாட்டார்கள். இறங்கினால் அதற்குக் காரணம் பயன்பாட்டு விகிதம், அதாவது மொத்த லிமிட்டில் எத்தனை சதவீதம் பாக்கியாக நிற்கிறது என்ற கணக்கு. பாக்கி அப்படியே இருக்க லிமிட் சுருங்கினால் சதவீதம் ஏறும். அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோரில் கடன் பாக்கி சார்ந்த விஷயங்களுக்கு 30% எடை. அதில் பெரும்பங்கு இந்த விகிதத்துக்குத்தான்.

படி 1: எதற்காகக் குறைக்கிறீர்கள்?

கார்டு திருட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம் என்றால் லிமிட்டைத் தொடவே வேண்டாம். பெரும்பாலான வங்கிச் செயலிகளில் ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கலாம், கார்டைத் தற்காலிகமாகப் பூட்டியும் வைக்கலாம். இவை கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது உங்கள் கடன் விவரங்களின் பதிவில், ஏறாது. வீட்டுக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், கார்டில் ஒரு பைசா பாக்கி இல்லாவிட்டாலும், முழு லிமிட்டையும் எடுத்துவிட்டதாக வைத்துத்தான் உங்கள் திருப்பிச் செலுத்தும் திறனைக் கணக்கிடுவார்கள். அங்கே குறைப்பது லாபம்.

படி 2: கணக்கைப் போடுங்கள்

ரிப்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு கார்டின் லிமிட்டையும் பாக்கியையும் எழுதுங்கள். பாக்கி என்று பதிவாவது பொதுவாக ஸ்டேட்மென்ட் போடும் நாளில் இருக்கும் தொகை. கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டுகிறவருக்கும் அது பூஜ்யமாக இருக்காது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மூன்று கார்டுகள் என்று வையுங்கள்: 2,00,000, 1,00,000, 1,00,000. மொத்தம் 4,00,000. முதல் கார்டில் மட்டும் மாதம் 60,000 செலவு. விகிதம் 15%. சும்மா கிடக்கும் இரண்டையும் 20,000 ஆக்கினால் மொத்தம் 2,40,000, விகிதம் 25%. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஏதோ ஒரு மாதம் செலவு 90,000 ஆனால் 37.5% ஆகிவிடும். அதனால் சராசரி மாதத்தை விட்டுவிட்டு, கடந்த 12 ஸ்டேட்மென்ட்களில் ஆகப் பெரிய தொகையை எடுத்து, விகிதம் 30%-ஐத் தாண்டாதபடி 0.3 ஆல் வகுங்கள். 90,000 ÷ 0.3 = 3,00,000. மொத்த லிமிட் இதற்குக் கீழே போகக் கூடாது. அப்படியானால் அந்த இரண்டு கார்டுகளையும் 50,000 வரை குறைக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

30% என்பது வேலி அல்ல. அதைத் தாண்டிய நொடியில் ஸ்கோர் சரிந்துவிடாது. விகிதம் குறையக் குறைய நல்லது, அவ்வளவுதான். இன்னொன்று: மொத்த விகிதத்தோடு தனித்தனிக் கார்டின் விகிதத்தையும் பார்ப்பார்கள். ஆகவே செலவு செய்யும் கார்டின் லிமிட்டில் கை வைக்காதீர்கள். அதை 80,000 ஆக்கினால் அதே 60,000 செலவு அந்தக் கார்டில் 75% ஆகத் தெரியும்.

படி 3: கேட்பதற்கு முன்

குறைக்கப் போகும் கார்டில் தவணைப் பாக்கி, தானாகப் பிடிக்கும் சந்தா, விடுதி முன்பதிவுக்கு நிறுத்திவைத்த தொகை ஏதும் இருக்கிறதா பாருங்கள். புதிய லிமிட் இவற்றுக்கு இடம் தராவிட்டால் அடுத்த பிடித்தம் நிராகரிக்கப்படும். கார்டு வகைக்குக் குறைந்தபட்ச லிமிட் உண்டா என்றும் கேளுங்கள்.

படி 4: கேளுங்கள்

செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்டால் போதும். லிமிட்டை மட்டும் குறைக்கச் சொல்கிறீர்கள், கார்டை மூடச் சொல்லவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மூடினால் அந்த லிமிட் முழுவதும் கணக்கிலிருந்து போய்விடும். குறைப்பதற்கு, வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததாக வழக்கமாகக் கடன் விசாரணை எதுவும் பதிவாகாது. பின்னால் மறுபடி உயர்த்தச் சொன்னால் பதிவாகலாம், மறுக்கவும் செய்யலாம். புதுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தால், அதற்கு இரண்டு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

படி 5: சரிபாருங்கள்

ஒன்று, இரண்டு ஸ்டேட்மென்ட் போன பிறகு ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். லிமிட் கட்டம் காலியாக இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். சில கணக்கீடுகளில் லிமிட் இல்லாத இடத்தில் இதுவரை இருந்த அதிகபட்சப் பாக்கியை லிமிட்டாக எடுத்துக்கொள்வார்கள், விகிதம் தாறுமாறாகும். விகிதம் ஏறியதால் ஸ்கோர் சற்று இறங்கியிருந்தால், அடுத்த ஸ்டேட்மென்ட் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். பெரும்பாலான பழைய ஸ்கோர் முறைகள் அந்த மாத விகிதத்தை மட்டுமே பார்ப்பதால், இறங்கியது திரும்ப ஏறிவிடும். ஃபைகோ 10டி போன்ற புதியவை முந்தைய மாதங்களின் போக்கையும் பார்ப்பதால், அங்கே மீள்வதற்குச் சில மாதங்கள் ஆகலாம்.