தைராய்டு மாத்திரைக்குப் பிறகுதான் பால் தே

பெரியம்மா சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கம், விடியற்காலை ஐந்துக்கே ஒரு மங்கு பால் தே. லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையையும் அதோடுதான் விழுங்குவார். பாலும் காபியும் தேயும் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

இப்போது தலைமாட்டிலேயே மாத்திரையும் தண்ணீரும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் பசியாறல். முதல் வாரம் என் மேல் கோபம்தான்! இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அவற்றை மதியத்துக்குத் தள்ளிவிட்டோம்.

அப்புறம், நாடியைப் பாருங்கள். படபடப்பு, கை நடுக்கம் இருந்தால் மருந்தளவு கூடியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே ஆஸ்பத்திரி. உடம்பு தேறிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் ரத்தப் பரிசோதனை.