புதுச்சேரி மொட்டைமாடியில் சூரியச் சுடரைக் காதால் பிடிப்பது எப்படி?

சூரியச் சுடர் என்பது சூரியனில் திடீரென நடக்கும் பெரும் வெடிப்பு. அது வெடித்த எட்டு நிமிடச் சொச்சத்தில் எக்ஸ் கதிர்கள் பூமிக்கு வந்து, வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற அடுக்குகளான அயனிமண்டலத்தின் அடியில் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் டி அடுக்கில் எலக்ட்ரான்களைப் பெருக்கிவிடும். சிற்றலை மேலே எஃப் அடுக்கில் பட்டுத் திரும்புவதற்கு, போகவும் வரவும் இந்த டி அடுக்கைத் தாண்டியாக வேண்டும். அங்கேயே அது உறிஞ்சப்பட்டால் உங்கள் ரேடியோ ஊமைதான்.

சிற்றலை ரேடியோ இருந்தாலே போதும், ஆனால் என் ஓட்டு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளுக்கு, அதாவது கணினியில் செருகும் குட்டி ரேடியோ ரிசீவருக்கு. திரையில் சிக்னல் மங்குவது தெரியும், படமாகச் சேமிக்கலாம். அதில் வி3 மாடல் வாங்கியவர்கள், சிற்றலை கேட்க மென்பொருளில் டைரக்ட் சாம்ப்ளிங் என்ற அமைப்பை க்யூ கிளைக்கு (Q branch) மாற்ற மறக்காதீர்கள். மாடியில் பத்து மீட்டர் வயர் கட்டுங்கள், இன்வெர்ட்டர் பக்கம் வேண்டாம், உப்புக்காற்றுக்கு இணைப்புகளைச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

அடுத்து 15 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேர நிலையத்தைப் பிடியுங்கள். நொடிக்கு ஒரு 'டிக்', மதியம் 2:30 வரை வரும், அப்புறம் 10 மெகாஹெர்ட்ஸுக்குப் போகலாம்.

இப்போதுதான் குழப்பமே. சத்தம் நின்றால் அது சுடரா, பக்கத்து வீட்டு எல்இடி விளக்கா? விளக்கு என்றால் இரைச்சல் ஏறி சிக்னலை மூழ்கடிக்கும். சுடர் என்றால் பின்னணி இரைச்சலும் சேர்ந்து இறங்கும், ஏனென்றால் தொலைதூர இடிமின்னல் சலசலப்பும் அதே வழியாகத்தான் வருகிறது. ஏரியலைப் பிடுங்கிவிட்டதோ என்றே தோன்றும். சிக்னல் சில நிமிடங்களில் விழும், எழ நேரமாகும். 15 மெகாஹெர்ட்ஸ் முதலில் திரும்பி, 10 பிறகு வந்தால் சந்தேகமே வேண்டாம், குறைந்த அதிர்வெண்தான் அதிகம் உறிஞ்சப்படும்.

சரி, உறுதிசெய்ய அமெரிக்காவின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் (NOAA) தளத்தில் கோஸ் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் வரைபடத்தைப் பாருங்கள். சுடரின் வலிமையை எம், அதைவிடப் பெரிய எக்ஸ் என்று வகுப்பார்கள்: எம்1 தாண்டினால் சிறு பாதிப்பு, எக்ஸ்1 என்றால் பலமான அடி. அங்குள்ள நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு 5:30 மணி கூட்ட வேண்டும். 2024 மே 14-இல் எக்ஸ்8.7 சுடர் உச்சம் தொட்டது யுடிசி 16:51, நமக்கு இரவு 10:21. அத்தனை பெரிய சுடருக்கும் நம் பக்கம் சிற்றலை அசையவில்லை, வெயில் படும் பாதையில்தான் இந்த வேலையெல்லாம்.

பின்சேர்க்கை: கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர், எஃப்எம்மும் படகு விஎச்எஃப் செட்டும் நின்றுபோகுமா என்று கேட்டிருந்தார். அவை நேர்க்கோட்டில் போகிறவை, அயனிமண்டலத்தை நம்பி இல்லை, டி அடுக்கு அவற்றைத் தொடாது.