சிம்ஸ் பூங்காவுக்கு ஆள் அழைத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

குன்னூர் வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது பல வருஷமாக என் வேலை. போன வாரம் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு பையன், டிக்கெட் வாங்கிய கையோடு வயதானவர்கள் நாலு பேரை நேராகப் படகுக் குளத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குடை, ஸ்வெட்டர், இ-பாஸ் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் குளத்துக்கு இறங்குவது

1874-ல் ஆரம்பித்த இந்தப் பூங்கா சுமார் 12 ஹெக்டேர். பள்ளத்தைச் சமன் செய்யாமல், அதன் சரிவிலேயே தோட்டம் போட்டிருக்கிறார்கள். வாசல் மேலே, குளம் அடியில். இறங்கும்போது ஒன்றும் தெரியாது.

மதுரையிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. "மெதுவாப் போலாம்மா" என்று குளம் வரை கூட்டிப் போய்விட்டேன். திரும்பி ஏறுகையில் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மேலே வந்து சேர்வதற்குள் மேட்டுப்பாளையம் மலை ரயில் போய்விட்டது. வாடகைக் காருக்கு நான்தான் கொடுத்தேன். அன்று எனக்குக் கிடைத்த கூலியைப் போல மூன்று மடங்கு. பணம் போனால் போகட்டும். காரில் ஏறும்போது அந்த அம்மா, "என்னால உனக்கு நஷ்டம்ப்பா" என்றார். தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்டது அவர். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

வாசலிலேயே முழங்காலைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். மேல்பக்கத்து மரங்களையும் பூப்பாத்திகளையும் முதலில் காட்டுங்கள். ருத்திராட்ச மரம் ஒன்றைக் காட்டினாலே பெரியவர்கள் அரை மணி நேரம் நிற்பார்கள். முடிந்தவர்கள் மட்டும் இறங்கட்டும், மற்றவர்கள் பெஞ்சில் உட்காரட்டும். ஏறும்போது படிக்கட்டைவிட வளைந்து வரும் பாதை நல்லது. இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள்.

பழச் சிற்பங்களைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது

மே மாதப் பழக் கண்காட்சியில் பழங்களாலேயே உருவங்கள் செய்து வைப்பார்கள். முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். கடைசி நாள் சாயங்காலம் திராட்சைத் தோல் சுருங்கி, நுனியில் ஈ உட்கார்ந்திருக்கும்.

பாத்திக்குள் கால் வைத்துப் படம் எடுப்பது

கூடாது.

ஊட்டி வெயிலை நம்பி வருவது

வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கம்தான் வலுக்கும். அக்டோபர், நவம்பரில் இந்தச் சரிவு வழுக்கும்.

ஸ்டேஷனிலிருந்து நடப்பது

ஸ்டேஷன் கீழே, பூங்கா மேல் குன்னூரில். பெட்ஃபோர்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.