கடல் காத்துல துருப்புடிச்ச சைக்கிள் செயின் - என் அனுபவம்

நமக்கு காட்பாடி, படிக்கிறது பாண்டிச்சேரில. சின்ன ஊரு, மேடு பள்ளம் அவ்வளவா இல்ல, சைக்கிளே போதும், பீச் ரோட்ல சாயங்காலம் ஆனா மோட்டார் வண்டிய விடமாட்டாங்க, செம ஜாலி. ஒரே தொல்ல அந்த உப்புக் காத்து. வேலூர் வெயில் மண்டைய பொளந்தாலும் செயினுக்கு ஒண்ணும் ஆகாது, அங்க ஹாஸ்டல் வாசல்ல நிறுத்தினா கொஞ்ச நாள்லயே செங்கல் கலர்ல துரு, மிதிச்சா கிரீச் கிரீச்சுனு சத்தம்.

லீவுக்கு வரும்போது செயின் ரெண்டு முனையையும் சேர்க்குற லாக்க கழட்டி செயின மட்டும் பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்தேன். எங்க தெரு சைக்கிள் கடை அண்ணா பாத்துட்டு "புதுசு வாங்காத தம்பி, இதுவே தேறும்"னாரு. பழைய டப்பால மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி பூரா ஊறப்போட்டு, காலைல டூத்பிரஷ்ல தேய்ச்சு, இறுகிப்போன கண்ணிங்கள ஒவ்வொண்ணா அப்படி இப்படி வளைச்சு விட்டதும் லூசாயிடுச்சு. மொட்டைமாடில காயவெச்சு, கண்ணிக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், வெளிய வழியறத நல்லா தொடச்சிடணும், இல்லனா மணல் ஒட்டிக்கும். தேங்காண்ணெய் மட்டும் விடாதீங்க, பிசினாயிடும் (எங்க ஆயா அதான் விடச் சொன்னாங்க).

இப்ப பீச் பக்கம் போயிட்டு வந்தா ஈரத்துணில தொடச்சு, காஞ்சதும் எண்ணெய் விட்டுடறேன். ரிம்ல மட்டும் படாம பாத்துக்கங்க, பிரேக் புடிக்காது.